பதினேழாம் பாடம்

பள்ளிப் பிள்ளைகள் கணினியைப் பொறுப்போடும் அறத்தோடும் கையாளக் கற்பிப்பது எப்படி என்பதை இரண்டு நாள் உட்கார்ந்து பேச இத்தனை பேர் திரண்டிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். தலைவர் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு செய்திதான். அதைச் சொல்லச் சில கதைகள் தேவைப்படுகின்றன.

2018-இல் வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் மொத்தம் 18 பாடங்கள். எண் முறைகள், இயக்க அமைப்பு, சி++, மரபுரிமம் எல்லாம் கடந்தபின் பதினேழாம் பாடமாக வருகிறது கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும். அப்படி ஒரு பாடம் வைத்ததே நல்ல காரியம். எழுதியவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அது வகுப்பில் நடக்கும் நேரம் எது? போர்ஷன் முடிக்கும் அவசரத்தில், திருப்புதல் தேர்வு தலைக்கு மேல் தொங்கும்போது. ஃபிஷிங் என்றால் என்ன, ஃபார்மிங் என்றால் என்ன, வேறுபாடு எழுதுக. பிள்ளை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். அப்போது அதற்கு வயது பதினாறு. கணினிப் பாடம் இல்லாத பிரிவை எடுத்த பிள்ளைக்கு அதுவும் கிடையாது. கைப்பேசியோ ஏழு வயதிலேயே அதன் கைக்கு வந்துவிட்டது. 2020 ஊரடங்கில் பாடம் நடத்த நாமே வாங்கித் தரச் சொன்னோம்.

அந்தப் பாடத்தை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்பது எளிய பரிந்துரை. இந்தக் கருத்தரங்கில் பலர் அதைச் சொல்வார்கள், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் என் கவலை வேறு. புத்தகத்தில் இல்லாத இன்னொரு பதினேழாம் பாடத்தைப் பள்ளிக்கூடம் அன்றாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. நாம் கணினியை எப்படிக் கையாளுகிறோம் என்பதே அந்தப் பாடம். பிள்ளைகள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே வெளியீடு. அதே ஐந்து எண்கள், அதே கூட்டுத்தொகை, கூட்டுத்தொகையில் அதே பிழை. போன ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஒரு மாணவியை அழைத்து, "நீயா வேற நம்பர் குடுத்து ஓட்டிப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டேன். "பார்த்தேன் சார். சரியா வந்துச்சு. ஆனா அவுட்புட் மாத்தி எழுதினா கையெழுத்துப் போடமாட்டாங்க சார்" என்றாள்.

அந்தப் பெண்ணிடம் நேர்மைக்குக் குறைவில்லை. சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் இருந்தது. பொய்யான வெளியீட்டை எழுதப் பழக்கியது நம் கையெழுத்து. இதே பிள்ளைக்கு நாளை பதினேழாம் பாடத்தில் கருத்துத் திருட்டு தவறு என்று எந்த முகத்தோடு நடத்துவது? ஆறாம் வகுப்புப் பிள்ளை புராஜெக்ட் என்ற பெயரில் பிரவுசிங் சென்டரில் பக்கம் இத்தனை ரூபாய் என்று அச்செடுத்துக் கொண்டுவருவதை வாங்கி அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டோம். இப்போது செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தருகிறது என்று பதறுகிறோம். பிரவுசிங் சென்டர் அண்ணன் செய்துகொடுத்த வேலையைத்தான் அது செய்கிறது. நாம் தாளைக் கேட்டோம், தாள் வந்தது. உன் தெருவில் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பத்து வீட்டில் விசாரித்து எழுதிவா என்று கேட்டிருந்தால் எந்த இயந்திரமும் அதை எழுதித் தந்திருக்காது.

என் பங்கையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். 1990-களின் நடுவில் ஒரு பள்ளியின் கணினி அறை என் பொறுப்பில் இருந்தது. ஒரு கணினிக்கு மட்டும் உரிமம் வாங்கிய மென்பொருளை மற்ற எல்லாக் கணினிகளிலும் நானே ஏற்றினேன். ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட, பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் இன்றுவரை உறுத்துகிறது. அது தவறு என்ற எண்ணமே எழாதபடி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

உரிமமின்றிப் படியெடுப்பதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. நம் மாநிலத்தில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது. எத்தனை பள்ளிகளில் அதைத் திறந்து காட்டினோம்? காசு மிச்சம் என்பதை விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுண்டு. கட்டற்ற மென்பொருளை ஒரு பிள்ளை தன் தோழிக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். பகிர்ந்து கொடு என்று தமிழ் வகுப்பில் சொல்லிவிட்டு, அடுத்த மணி கணினி வகுப்பில் கொடுத்தால் குற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதிப்புரிமை என்ற கருத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடமே நல்ல கதை இருக்கிறது. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. நாட்டுடைமை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேள்விப்பட்டிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு, அதன்பின் ஊருக்குப் பொது என்று இந்தியச் சட்டம் சொல்வதைச் சொல்லுங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்க, பல நாடுகளிலிருந்த தமிழர் பழந்தமிழ் நூல்களைக் காசு வாங்காமல் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியதைச் சொல்லுங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து வரலாறு என்ற பக்கத்தைக் காட்டுங்கள். யார், எந்த நாள், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அத்தனையும் அங்கே நிற்கும். இணையத்தில் செய்தது அழியாது என்பதை அச்சுறுத்தாமல் சொல்ல அதைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கோயிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ நான்கு வரி, சான்றோடு, பிள்ளைகளையே எழுத வையுங்கள். சான்று இல்லாமல் எழுதினால் முகமறியாத ஒருவர் சான்று தேவை என்று குறித்துவிட்டுப் போவார். ஆசிரியர் திட்டுவதைவிட அது ஆழமாக இறங்கும்.

அந்தரங்கம் பற்றியும் பேச வேண்டும். 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. நாமோ மதிப்பெண் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். மாணவர் விவரம் ஏற்றும் தளத்தின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்கிறோம். நன்றாக எழுதத் தெரிந்த மாணவனையே உட்காரவைத்து மற்ற பிள்ளைகளின் ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறோம். வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆசிரியர் வேறு என்ன செய்வார் என்ற கேள்வியின் நியாயமும் தெரியும். அதற்காகத்தான் இந்த வேலைக்கெனப் பள்ளிக்கு ஒரு அலுவலரைக் கேட்க வேண்டும் என்று இந்தக் கருத்தரங்கு தீர்மானம் போட வேண்டும் என நினைக்கிறேன்.

தவறு செய்த பிள்ளையை என்ன செய்வது? இதுதான் என் மனத்தை அதிகம் பிடித்திருக்கும் கேள்வி. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் ஒரு நிரலை விட்டார். அது தானே பரவும் நிரல். ஒரு கணினியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி புகாது என்பதில் அவர் ஒரு விதிவிலக்கு வைத்தார்: ஏழில் ஒரு முறை எப்படியும் புகுந்துவிடும். அந்த ஒன்றே ஆயிரக்கணக்கான கணினிகளை மூச்சுத் திணற வைத்தது. 1990-இல் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, அபராதம். பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

நம் பள்ளியில் ஆசிரியரின் கடவுச்சொல்லை ஊகித்துத் திறந்துவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு என்ன நடக்கிறது? மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கொடுப்பேன் என்ற மிரட்டல், காலை வணக்கக் கூட்டத்தில் முட்டி போட வைத்தல். அவன் எப்படித் திறந்தான் என்று யாரும் கேட்பதில்லை. உட்காரவைத்துக் கேளுங்கள். யாருக்கு இதனால் என்ன இழப்பு என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பூட்டைச் சரிசெய்யும் வேலையையும் அவனிடமே கொடுங்கள்.

இன்னொரு பக்கம், குற்றம் செய்யாத பிள்ளைக்கு நாம் தரும் தண்டனை. படத்தைத் திரித்துப் பரப்பிவிட்டார்கள் என்று ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நம் வாயில் முதலில் வரும் கேள்வி, "நீ ஏன் போட்டோ போட்ட?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை பிள்ளைகள் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படத்தை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930 ஆகியவற்றை ஒவ்வொரு கணினி அறைச் சுவரிலும் எழுதலாம். ஆனால் சுவரில் எழுதிய எண்ணுக்கு முன்னால் அந்தப் பிள்ளை வந்து நிற்பது டீச்சரின் மேசை முன்தான். முதல் சொல், "உன்மேல தப்பில்லம்மா, உட்காரு" என்று வர வேண்டும். பி.எட். பாடத்திட்டத்தில் இந்த ஒரு சொல்லை எந்தத் தாளில் வைப்பது என்று நாளை மதிய அமர்வில் முடிவு செய்தால் என் மனம் நிறையும்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் என்ன செய்யக் கூடாது என்ற பட்டியல் உங்கள் கட்டுரையில் இருந்தால், அதன் பக்கத்திலேயே உங்கள் பள்ளியின் கணினி அறையில் அதே செயலை யார் செய்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். பேசுவதற்கு ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம், கேள்விக்குப் பத்து. வரவேற்பு மேசையில் ஒரு தாளை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவையில் எடுக்கும் படங்களில் தம் முகம் வேண்டாம் என்பவர்கள் அதில் பெயர் எழுதிவிடுங்கள். ஒளிப்படக்காரத் தம்பியிடம் சொல்லியாயிற்று. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.