பள்ளியில் இல்ல முறையும் நம் பிள்ளைகளும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளி வாயில்வரை கொண்டு சேர்த்து வந்துள்ளது. வாயிலைக் கடந்த பிள்ளைக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்ததா என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய பொருளாகும்.

இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாள்களைப் பற்றி, 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலில் எழுதியுள்ளார். ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் பிறர் நெருங்குமுன் விரைந்து வீடு திரும்புவார். பிறரோடு விளையாட இயலாமற்போன துயரத்தையும் குறித்துள்ளார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த பெருமகனார் அவர். பாடம் அவருக்கு மறுக்கப்படவில்லை; தோழமையே மறுக்கப்பட்டது.

இத்தோழமையைத் திட்டமிட்டு வளர்க்கும் முறை ஒன்று நம் சேர்வராயன் மலைக்குப் புதிதன்று. ஏற்காட்டில் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பழைமையான பள்ளிகள் உள்ளன. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளி அவற்றுள் ஒன்று. இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமே ‘ஹவுஸ்’ எனப்படும் இல்ல முறை. இங்கிலாந்தின் ஈட்டன், ஹாரோ போன்ற பள்ளிகளில் மாணவர் தனித்தனி வீடுகளில், ஓர் ஆசிரியரின் பொறுப்பில் தங்கியதிலிருந்து இது தோன்றியது.

இதன் இயல்பு எளிது. பள்ளி முழுவதும் நான்கு அல்லது ஐந்து இல்லங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வண்ணம், ஒரு பொறுப்பாசிரியர், ஒரு மாணவத் தலைவர். சிறு வகுப்புப் பிள்ளையும் பெரிய வகுப்பு மாணவனும் ஒரே இல்லத்தில் இருப்பர். ஒருவன் ஓட்டத்தில் பெறும் புள்ளியும் மற்றொருவன் கட்டுரையில் பெறும் புள்ளியும் இல்லத்தின் கணக்கிலேயே சேரும். ஆகவே வாய் திறவாத பிள்ளையையும் ‘நீயும் வா, நம் இல்லத்திற்கு நீ வேண்டும்’ என மற்றவர் அழைப்பர். தன்னை எதிர்பார்ப்பவர் இருக்கின்றனர் என்று அறியும் பிள்ளையே பள்ளியைத் தன்னுடையதாகக் கருதும்.

அப்பள்ளிகளின் கட்டணம் நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாதது. எனினும் வண்ணத் துணிக்கும் கரும்பலகைக்கும் பெருஞ்செலவு இல்லை. தமிழக அரசு 2024 நவம்பர் 14-இல் அரசுப் பள்ளிகளுக்கென ‘மகிழ் முற்றம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைகளின் பெயரால் மாணவர் குழுக்கள் அமைக்கப்பட்டன. மலையில் வாழும் பிள்ளை நெய்தலிலும், சமவெளிப் பிள்ளை குறிஞ்சியிலும் சேரலாம் என்பதே இதன் அழகு.

ஆயினும் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். நம் நாட்டில் வண்ணம் என்பது வெறும் வண்ணமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் சமூகத்து மாணவர் ஒருவர் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதியரசர் சந்துரு அவர்களின் தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடை செய்யவும், அகர வரிசைப்படி மாணவரை அமர்த்தவும் அக்குழு பரிந்துரைத்தது. பிறப்பு கட்டிய கயிற்றை அவிழ்த்தால் மட்டும் போதாது. அவ்விடத்தில் தோழமை தரும் வண்ணம் ஒன்று வேண்டும்.

அதற்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன. முதலாவது, பிரிக்கும் முறை. சீட்டுக் குலுக்கியோ, பெயர் வரிசைப்படியோ பிரித்தல் வேண்டும். தெருவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்தால் ஊரின் பிரிவே பள்ளியின் பிரிவாகிவிடும். இரண்டாவது, பணிப் பங்கீடு. தலைமையும், கொடி பிடித்தலும், தண்ணீர் வழங்குதலும், வகுப்பறை பெருக்குதலும் முறை வைத்து எல்லார்க்கும் வரவேண்டும். அம்முறை பலகையில் எழுதப்படவேண்டும். கொடி என்றும் ஒரே கையிலும் துடைப்பம் என்றும் ஒரே கையிலும் இருக்குமாயின், பெயர்தான் புதிது, வழக்கம் பழையதே. கழிவறை கழுவும் வேலையோ எந்தப் பிள்ளைக்கும் உரியதன்று. மூன்றாவது, புள்ளி வழங்கும் முறை. ஓட்டத்திற்கும் ஆங்கிலப் பேச்சிற்கும் மட்டுமே புள்ளி எனில், முதல் தலைமுறையாகப் பயிலும் பிள்ளை பின்தங்கும். தம்பிக்கு வாய்பாடு சொல்லித் தந்ததற்கும், வராத பிள்ளையை வீடு தேடிச் சென்று அழைத்து வந்ததற்கும் புள்ளி உண்டு என்க. வராமைக்காகப் புள்ளி குறைத்தலாகாது. அப்பிள்ளை தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இல்ல முறை சாதியை ஒழித்துவிடும் என நாம் கூறவில்லை. மாலையில் பிள்ளைகள் அதே தெருக்களுக்கே திரும்புகின்றனர். ஆனால் ஒரே அணியில் நின்று வென்றும் தோற்றும் பழகிய பிள்ளைகள், மறுநாள் ஒருவர் பெயரை மற்றவர் அறிந்தே அத்தெருவைக் கடப்பர். அது சிறிதன்று.

இளைஞர்களே! நீங்கள் செய்யத்தக்கன இரண்டு. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரை இடம்பெறச் செய்து, குழுக்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டன, தலைவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். நம் மாலை வகுப்புகளிலும் உட்பிரிவும் தெருவும் பாராது பிள்ளைகளை இல்லங்களாக அமையுங்கள். பிறரிடம் நாம் கேட்கும் சமத்துவத்தை நம் திண்ணையில் முதலில் காட்டுவோம்.

மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த காலம் போகட்டும். மணி அடிக்குமுன்பே ஆடுகளத்தில் நம் பிள்ளைகளின் குரல் கேட்கட்டும். அதற்காக உழைப்போம்.