கழுத்து வலி எங்கே போகுது?

நான் நாகர்கோவில்ல பிசியோதெரபி பாக்கேன். லேப்டாப் முன்னாடியே கிடக்கிற பிள்ளைகள் வந்ததும், "அண்ணே, கழுத்து நரம்பு நசுங்கிட்டு" என்பார்கள். பெரும்பாலும் அது நரம்பு இல்லை, தசை. வலி எவ்வளவுன்னு பாக்காதீங்க. எங்கே போகுதுன்னு பாருங்க.

தசைப்பிடிப்பு பொதுவா கழுத்திலும் தோளிலும் நிக்கும். அமுக்கினா அந்த இடம் வலிக்கும், ஒத்தடம் கொடுத்தா இளகும். மூட்டுக் கோளாறு என்றால் அண்ணாந்து பார்க்கையில், தலையைத் திருப்புகையில் ஒரு பக்கம் பிடிக்கும்.

கழுத்திலிருந்து 8 ஜோடி நரம்பு கிளம்புது. அதில் ஒன்று நசுங்கினால் வலி முழங்கையைத் தாண்டி ஷாக் அடிக்கிற மாதிரி இறங்கும், விரல் மரத்துப்போகும். கட்டைவிரல் என்றால் பெரும்பாலும் 6-ஆவது நரம்பு, நடுவிரல் 7, சுண்டுவிரல் 8. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி குறையுதா? அதுவும் ஒரு அடையாளம். ராத்திரி விரல் மரத்து, உதறினால் சரியாகுதுன்னா, கோளாறு மணிக்கட்டில் இருக்கலாம்.

நம்ம மாவட்டம் வர்மத்துக்குப் பேர்போனது. ஆசான்கிட்ட போறது உங்க விருப்பம். ஆனா கை மரத்திருக்கும்போது யாரையும் கழுத்தைச் சொடுக்க விடாதீங்க, சலூன்லயும்தான்.

பிடி தளருது, சட்டைப் பொத்தான் போட முடியலை, நடை தள்ளாடுது, மூத்திரம் கட்டுப்படலை என்றால் அன்னைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போயிருங்க. இதெல்லாம் இல்லைன்னா பயப்படாதீங்க. நரம்பு நசுங்கினவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரத்தில், சில மாதத்தில் சரியாகிவிடும்.