அச்சின் அளவும் திரையின் அளவும்



முழத்தால் துணி அளந்த காலத்தில், வாங்குபவனின் கண் துணியைவிடக் கடைக்காரனின் கையையே நோக்கும். நெடுங்கையன் அளந்தால் துணி கூடும். குறுங்கையன் அளந்தால் குறையும். எழுத்தின் பருமனை அளப்பதிலும் இவ்விடர்ப்பாடு நெடுங்காலம் இருந்தது. அச்சுக்கூடத்தில் தீர்ந்துவிட்ட அச்சிக்கல், கணினித் திரை தோன்றிய பின்னர் மீண்டும் தலைகாட்டியது.

பழைய அச்சுக்கூடங்களில் எழுத்தின் பருமனுக்கு எண் இல்லை, பெயரே உண்டு. இங்கிலாந்தில் பிரெவியர், லோங் பிரைமர், பைக்கா என்றெல்லாம் வழங்கினர். ஆனால் ஒரு வார்ப்புச்சாலையின் பைக்கா மற்றொன்றின் பைக்காவுடன் பொருந்தாது. இரண்டையும் ஒரே வரியில் கோத்தால் வரி நேராக நில்லாது. பிரான்சில் பூர்னியே என்பார் 1737 இல், பொயின்ற் என்னும் சிற்றலகால் எழுத்துக்களை அளக்கும் அட்டவணையை வெளியிட்டார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் டிடோ என்பார் அதனைத் திருத்தி, பிரெஞ்சு அரச அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கே பொயின்ற் என வகுத்தார்.

அமெரிக்காவில் இச்சீர்திருத்தத்துக்குத் தீ வழிகாட்டியது. 1871 இல் சிக்காகோ நகரை எரித்த பெருந்தீயில் ஓர் எழுத்து வார்ப்புச்சாலையும் அழிந்தது. யாவற்றையும் புதிதாக வார்க்க நேர்ந்தமையால், அச்சாலையார் ஒழுங்கான அளவுமுறையொன்றைக் கைக்கொண்டனர். 1886 இல் அந்நாட்டு வார்ப்பாளர் சங்கம் பொயின்ற் முறையைப் பொதுவாக ஏற்றது. 12 பொயின்ற் ஒரு பைக்கா. 83 பைக்கா 35 சென்ரிமீற்றர். இக்கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்றிலும் சற்றுக் கூடுதலாக வரும். அடோபி நிறுவனம் 1984 இல் போஸ்ற்ஸ்கிரிப்ற் முறையை வெளியிட்டபோது அப்பின்னத்தை நீக்கி, அங்குலத்துக்குச் சரியாக 72 என்றே கொண்டது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். 12 பொயின்ற் எழுத்து என்பது மை படிந்த உருவத்தின் உயரம் அன்று. அவ்வெழுத்தைத் தாங்கிய ஈயத்துண்டின் உடலுயரம். ஆதலாலேயே 12 பொயின்ற் அளவுள்ள இருவகை எழுத்துக்கள் கண்ணுக்குச் சிறிதும் பெரிதுமாகத் தோன்றுகின்றன. ஈயம் மறைந்த பின்னும் இவ்வழக்கம் மறையவில்லை.

திரையில் ஈயமும் இல்லை, மையும் இல்லை. பிக்செல் எனப்படும் ஒளிப்பொட்டுக்களே உள. பொட்டுக்கு நிலையான நீளம் கிடையாது. 1984 இல் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ் கணினியின் திரையில் அங்குலத்துக்கு 72 பொட்டுக்கள் இருந்தன. ஆகவே ஒரு பொயின்ற் ஒரு பிக்செல் ஆயிற்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரோ, திரையைத் தாளினும் தொலைவில் வைத்தே மனிதர் வாசிக்கின்றனர் எனக் கருதி, அங்குலத்துக்கு 96 எனக் கணக்கிட்டனர். ஒரே 12 பொயின்ற் எழுத்து ஒரு கணினியில் 12 பிக்செலாகவும் மற்றதில் 16 பிக்செலாகவும் நின்றமைக்குக் காரணம் இதுவே.

இணையப் பக்கங்களுக்கான விதி இன்று 96 என்பதையே நிலைநிறுத்தியுள்ளது. ஆதலின் கணக்கு எளிது: பொயின்றை நான்காற் பெருக்கி மூன்றால் வகுத்தால் பிக்செல் கிடைக்கும். 9 பொயின்ற் 12 பிக்செல். 12 பொயின்ற் 16. 18 பொயின்ற் 24. மறுதலையாகச் செல்ல, மூன்றாற் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும்.

ஆயினும் இப்பிக்செல் இன்று உண்மைப் பொட்டு அன்று. கணக்குக்குரிய அலகு மாத்திரமே. 2010 இல் வெளிவந்த அப்பிள் கைத்தொலைபேசியின் திரையில் அங்குலத்துக்கு 326 பொட்டுக்கள் இருந்தன. அங்கே ஒரு கணக்குப் பிக்செலை அகலத்தில் இரண்டும் உயரத்தில் இரண்டுமாக நான்கு பொட்டுக்கள் சேர்ந்து வரைந்தன. எழுத்தின் அளவு மாறவில்லை, தெளிவு மிகுந்தது.

இக்கணக்கிற் பிழைத்தால் வரும் தீங்கு சிறிதன்று. தாளுக்கென 8 பொயின்றில் அமைத்த குறிப்பை, அலகை மறந்து 8 பிக்செலாகத் திரையில் இடுபவர், எழுத்தை 6 பொயின்ற் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார், காற்பங்கு போய்விடுகிறது. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழெழுத்து இக்குறுக்கத்தைத் தாங்காது. மெய்யெழுத்தின் தலையிலுள்ள சிறுபுள்ளி மங்கினால், மெய் உயிர்மெய்யாகத் தோன்றும். ணகரமும் னகரமும் ஒன்றாய்க் குழம்பும். மருந்தின் அளவைத் திரையில் வாசிக்கும் முதியவருக்கு இக்குழப்பம் வெறும் அழகுக்குறை அன்று.

ஆதலால் அச்சுக்குச் செல்வதைப் பொயின்றிலும் திரைக்குச் செல்வதைப் பிக்செலிலும் அளப்பதே முறை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது அங்குலத்துக்கு எத்தனை என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். அதன் பின்னரும், வாசிப்பவர் தம் கண்ணுக்கேற்ப எழுத்தைப் பெருப்பித்துக்கொள்ள இடம் விடுதல் வேண்டும். கணக்கின் விடை சரியாயினும், இறுதித் தீர்ப்பு வாசிப்பவரின் கண்ணுக்கே உரியது.