ஒரு வெட்டு



தொல்காப்பியச் சொல்லதிகாரம் கற்பிக்கும்போது உணவுக்குரிய நால்வகை வினைகளை மாணவருக்குச் சொல்வதுண்டு. சோற்றை உண்பர், பலகாரத்தைத் தின்பர், தேனை நக்குவர், பாலைப் பருகுவர். இவையெல்லாம் கலந்த அடிசிலை ‘அயின்றார்’, ‘மிசைந்தார்’ என்று பொதுச்சொல்லாற் கூறவேண்டும் என்பர் உரையாசிரியர்.

நமது பேச்சுவழக்கோ இவ்வரம்பைப் பகிடியாக மீறுகிறது. பசித்தவன் பந்தியிலே ‘ஒரு பிடி பிடிக்கிறான்’. பசியே இல்லாதவனுக்கு ‘வாய் நமநமக்கிறது’. அவன் கொறிக்கும் முறுக்கும் பகோடாவும் யாழ்ப்பாணத்தில் ‘சோட்டைத்தீன்’. சோட்டை என்றால் ஆசை. வயிறு கேளாததை மனம் கேட்கிறது என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒருமுறை மாணவனொருவன், நோயிலிருந்து தேறிய தன் பாட்டனாரைப் பற்றி, “அப்பு அன்றைக்குப் புட்டை ஒரு வெட்டு வெட்டினார்” என்று கட்டுரையில் எழுதியிருந்தான். கொச்சை என்று கருதி, சிவப்பு மையால் ‘உண்டார்’ எனத் திருத்தினேன்.

“சேர், உண்டார் எண்டு எழுதினால் அப்புவுக்குச் சுகம் வந்தது தெரியாதே?” என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. பேனாவை எடுத்து என் திருத்தத்தையே வெட்டினேன்.

பகிடிச் சொல்லைத் தள்ளுமுன், அது சுமக்கும் பொருளைச் சுமக்க வேறு சொல் உண்டா என்று பார்ப்பதே ஆசிரியனுக்கு அழகு.