தடைன்னு பேர் வைக்காமலேயே தடை போடலாம்

(கடலூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



மேடையில் இருக்கும் மாவட்ட நிர்வாகிகளுக்கும், திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில்னு தூரத்தில் இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கும் தோழர்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மருத்துவப் படிப்பும் இடஒதுக்கீடும். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. இன்ஜினியரிங் படிச்சவன். அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்றேன். ஒரு பல்பு, அதுக்கு வரிசையா மூணு சுவிட்ச். மூணையும் போட்டால்தான் பல்பு எரியும். ஒண்ணை அணைச்சாலும் இருட்டுதான்.

நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற மெடிக்கல் சீட்டும் அப்படித்தான். முதல் சுவிட்ச் இடஒதுக்கீடு. இரண்டாவது கட்டணம். மூன்றாவது நுழைவுத் தேர்வு. முதல் சுவிட்சில் யாராவது கை வெச்சா நாம உடனே கொதிக்கிறோம். மத்த ரெண்டையும் சத்தமில்லாமல் அணைச்சா, பல நேரம் கவனிக்கிறதே இல்லை. நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

முதல் சுவிட்சை வெளிப்படையாவே அணைச்ச நாடு அமெரிக்கா. அங்கே டேவிஸ் நகரில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடத்தில் 16 இடத்தைச் சிறுபான்மை இன மாணவர்களுக்கு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. 1978-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டா செல்லாது, ஆனால் இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்க்கலாம்னு சொன்னது. 1996-ல் கலிபோர்னியா மாநிலம் அதையும் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்னாடியே போனது. 2023 ஜூன் 29 அன்று நாடு முழுக்கவே அந்த வாசலை நீதிமன்றம் மூடியது.

என்ன ஆச்சு? தடை போட்ட மாநிலங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்தாங்க. பிரதிநிதித்துவம் குறைவாக உள்ள இனங்களைச் சேர்ந்த மாணவர்கள் தடைக்கு முந்தைய ஆண்டில் 14.8 சதவீதம். ஐந்து ஆண்டு கழிச்சு 10 சதவீதம். 2023 தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, நாடு முழுவதும் மருத்துவம் சேர்ந்த கருப்பின மாணவர்களின் எண்ணிக்கை 11.6 சதவீதம் குறைஞ்சது. சட்டத்தில் எழுதின ஒரு வரி, வகுப்பறையில் காலி பெஞ்ச் ஆகிடுது.

நமக்கும் இது நடந்திருக்கு. 1928-லிருந்தே சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை நடைமுறையில் இருந்தது. பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையில் 14 இடம்னா பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் இது செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

ஆனால் தமிழ்நாடு அமெரிக்கா மாதிரி ஓய்ந்து போகலை. பெரியார் கிளப்பிய போராட்டம் டெல்லி வரைக்கும் கேட்டது. தீர்ப்பு வந்து சரியா 70-வது நாள், 1951 ஜூன் 18, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். 15(4) பிறந்தது அப்படித்தான். பிறகு 69 சதவீதத்தை 1994-ல் சட்டமாக்கி ஒன்பதாவது அட்டவணையில் வெச்சோம். முதல் சுவிட்சைக் காப்பாத்த நமக்குத் தெரியும் தோழர்களே. அதில் சந்தேகமே இல்லை.

இப்ப இரண்டாவது சுவிட்ச். இதுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். நம்ம சிதம்பரத்துக்குப் போனா போதும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்தது. அதோடு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அரசு கைக்கு வந்தது. பேர் அரசு, இடஒதுக்கீடு அரசு விதிப்படி. ஆனால் கட்டணம்? எம்.பி.பி.எஸ்.க்கு ஆண்டுக்குச் சுமார் 5.44 லட்சம். அதே நேரம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் சுமார் 13,600 ரூபாய். கிட்டத்தட்ட 40 மடங்கு!

யோசிச்சுப் பாருங்க. இடஒதுக்கீட்டுப் பட்டியலில் பேர் வருது. ஆனா புவனகிரியில் கூலி வேலை பார்க்கிற அப்பாவால அந்தப் பணத்தைப் புரட்ட முடியுமா? சீட் இருக்கு, உட்கார முடியாது. எந்தக் கோர்ட்டும் தடை போடலை. எந்தச் சட்டமும் இடஒதுக்கீடு ரத்துன்னு சொல்லலை. ஒரு கட்டண ரசீது போதுமானதா இருந்தது.

அதை உடைச்சது மாணவர்கள். 2020 டிசம்பரில் ஆரம்பிச்சு 50 நாளுக்கு மேல் போராடினாங்க. கொரோனா காலம், விடுதியைக் காலி பண்ணச் சொன்ன நெருக்கடி, எல்லாத்துக்கும் நடுவில் உட்கார்ந்தாங்க. 2021 தொடக்கத்தில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு உள்ள கட்டணமே இங்கேயும் வந்தது. இன்னைக்கு அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. 150 எம்.பி.பி.எஸ். இடம். அந்தப் பிள்ளைகள் கேட்டது சலுகை இல்லை, இரண்டாவது சுவிட்சைப் போடச் சொன்னாங்க. அவ்வளவுதான்.

மூன்றாவது சுவிட்ச், தேர்வு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வெச்சு நடந்த சேர்க்கை 2017-ல் நீட் கைக்குப் போனது. 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 69 சதவீதம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் 2019-ல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளியில் படிச்சு மருத்துவம் சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கத்தில்தான்.

அதுக்கப்புறம் நீதிபதி கலையரசன் ஆணையம், 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. முதல் ஆண்டே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆனா அதே முதல் ஆண்டில் இன்னொண்ணும் நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைச்ச சில பிள்ளைகள் பணம் கட்ட வழியில்லாமல் சீட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போனாங்க. அப்புறம்தான் கட்டணத்தை அரசே ஏற்கும்னு அறிவிப்பு வந்தது. மூணு சுவிட்சும் சேர்ந்தால்தான் விளக்கு எரியும்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது.

இன்னொரு கணக்கையும் மனசுல வெச்சுக்கோங்க. நம்ம வரிப்பணத்தில் கட்டின அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடத்தில் 15 சதவீதமும், மேற்படிப்பு இடத்தில் பாதியும் அகில இந்தியத் தொகுப்புக்குப் போகுது. அதில் 2021 வரைக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு பூஜ்யம். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2020 ஜூலை தீர்ப்புக்குப் பிறகுதான் 27 சதவீதம் கிடைச்சது. அதை எதிர்த்தவங்களுக்கு 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பதிலின் சாரம் இது: தேர்வில் எடுக்கும் மதிப்பெண் மட்டுமே தகுதி ஆகிவிடாது.

சரி, ஆன்லைனில் நம்மகிட்ட என்ன கேட்பாங்க? "கோட்டா டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்குவியா?" இதுதானே? கோபப்படாதீங்க, கெட்ட வார்த்தை வேண்டவே வேண்டாம். ரெண்டே விஷயம் சொல்லுங்க.

ஒண்ணு, ஒதுக்கீடு உள்ளே போகிற வாசலுக்குத்தான். வெளியே வருகிற வாசல் எல்லாருக்கும் ஒண்ணு. எம்.பி.பி.எஸ். தேர்ச்சி மதிப்பெண்ணில் சாதிக்கு ஒரு கணக்கு கிடையாது.

இரண்டு, 69 சதவீதம் ஒதுக்கீடு கொடுக்கும் இந்த மாநிலத்தில் 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தைக்கு 13 சிசு மரணம். இந்திய சராசரி 28. இது இடஒதுக்கீட்டால மட்டும் வந்ததுன்னு அளக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர்கள், சத்துணவு எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனா "தரம் கெட்டுப்போச்சு"ன்னு சொல்றவங்கதான் இந்த நம்பருக்குப் பதில் சொல்லணும், நாம இல்லை.

கடைசியா, வேலை. 7.5 சதவீதம் செல்லும்னு 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னப்போ, ஐந்து ஆண்டில் மறு ஆய்வு செய்யணும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தணும்னும் சொன்னது. அதாவது இந்த விளக்கு தானா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு நினைக்க முடியாது.

அதனால ஒவ்வொரு ஒன்றியத்திலும் ரெண்டு தோழர் பொறுப்பு எடுங்க. உங்க பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் நீட் எழுதுற பிள்ளைகள் யார்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சதுக்கான சான்று, சாதிச் சான்றிதழ், இதெல்லாம் கலந்தாய்வு அறிவிப்பு வருவதற்கு முன்னாடியே கையில் இருக்கணும். இ-சேவை மையத்துக்கு அந்தப் பிள்ளையின் அம்மாவை உங்க பைக்கில் கூட்டிட்டுப் போங்க. ஒரு டிரெண்டிங் ஹேஷ்டேக்கை விட அது பெரிய வேலை.

இனிமேல் யாராவது "இடஒதுக்கீடுதான் அப்படியே இருக்கே, இன்னும் என்ன வேணும்?"னு கேட்டால், ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்க: வகுப்பறையில் யார் உட்கார்ந்திருக்காங்க? அந்த எண்ணிக்கைதான் உண்மையான இடஒதுக்கீடு.



#சமூகநீதி #கடலூர் #சிதம்பரம்