மாதிரி வைத்துத் துணிக் கைப்பை தைத்தல்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவு)



வயலில் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில்களுள் துணிப்பை தைத்தலும் ஒன்று. இதற்குப் பெருமுதல் வேண்டுவதில்லை. ஒரு தையல் இயந்திரமும், நல்ல கத்தரியும், கைத்தறித் துணியும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆயினும் தொடங்கியவர் அனைவரும் லாபம் காண்பதில்லை. தைக்கத் தெரியாமை இதற்குக் காரணமென்று சொல்வதற்கில்லை. ரவிக்கையும் பாவாடையும் குற்றமறத் தைப்பவர்கள் நம் கிராமங்களில் பலர் உளர். வெட்டும் பலகையின்மீதே லாபம் கழிந்துவிடுகிறது. அதைக் காப்பாற்றித் தரும் கருவி, அட்டையில் வெட்டிய ஒரு மாதிரியே. அதைப் பற்றியே இன்று தங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, எந்தப் பையைத் தைப்பது என்பதை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகள் தடுக்கப்பட்டன. 2021 டிசம்பரில் அரசாங்கத்தார் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். சென்னைக் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரமும் 2022இல் வைக்கப்பட்டது. இவற்றால் துணிப்பைக்கு மதிப்பு ஏற்பட்டிருப்பது உண்மை. ஆனால் பத்து ரூபாய்ப் பையோடு நமது சங்கம் விலையில் போட்டியிட முயல்வது வீண். தடித்த கைத்தறித் துணியால், பல வருஷம் உழைக்கும்படி, பெண்கள் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் வாசகசாலைக்கும் எடுத்துச் செல்லத்தக்க கைப்பையே நமக்கு உரியது. அதை வாங்குவோர் விலையைப் பார்ப்பதோடு, ஒரு பையைப் போலவே மற்றொரு பையும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அவ்வொற்றுமை மாதிரி இல்லாமல் வராது.

உடைகளுக்கு அளவு வாரியாகக் காகித மாதிரிகளைச் செய்து விற்கும் வழக்கத்தை, 1863ஆம் வருஷம் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் பரவச் செய்தார். தையற்காரரிடம் போக வசதியில்லாத குடும்பத்தினரும் அதனால் தாமே வெட்டித் தைக்க முடிந்தது. ஒருவர் அறிந்த அளவைப் பலரும் கையாளலாம் என்பதே மாதிரியின் பயன். கூட்டுறவின் கருத்தும் அதுவேயன்றோ?

மாதிரியின் அளவு

தைத்து முடிந்தபின் அடியில் 12 அங்குல நீளமும், 4 அங்குல அகலமும், 14 அங்குல உயரமும் உள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். இதற்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று ஆக ஒரே அளவான இரண்டு துண்டுகள் வேண்டும். அகலத்தில் பையின் 12 அங்குலத்தோடு அடிப்பகுதிக்கு 4 அங்குலமும், இருபக்கத் தையலுக்கு அரை அரை அங்குலமும் சேர்த்து 17 அங்குலம். உயரத்தில் பையின் 14 அங்குலத்தோடு அடிப்பகுதியில் பாதியாகிய 2 அங்குலமும், அடித்தையலுக்கு அரை அங்குலமும், வாய் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் சேர்த்து 18 அங்குலம். கீழ் மூலைகள் இரண்டிலும் 2 அங்குலச் சதுரம் ஒவ்வொன்று வெட்டி நீக்க வேண்டும். இச்சதுரங்களை எறிந்துவிடக் கூடாது. அவற்றின் உபயோகத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். காதுகளுக்கு 4 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள இரண்டு பட்டைகள் வேண்டும்.

இவ்வளவுகளை முதலில் காகிதத்தில் மூலைமட்டம் வைத்து வரைந்து, ஒரு பை தைத்துப் பார்த்துச் சரிகண்டபின், கெட்டி அட்டையிலோ தகரத்திலோ வெட்டிக்கொள்க. மாதிரியின்மேல் துண்டின் பெயர், வெட்ட வேண்டிய எண்ணிக்கை, தையலுக்கு விட்ட ஓரம், காது வைக்கும் இடம், பாவு ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஆகியவற்றை எழுதுக. துணியைப் பாவுக்கும் ஊடைக்கும் நேராகவே வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய காது, கனம் தாங்காமல் இழுபட்டு நீண்டுவிடும்.

அரை அங்குலத்தின் விலை

துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்வது அவசியம். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் பை கோணலாகும். இவ்வாறு நனைத்த துணி 36 அங்குல அகலம் இருக்குமாயின், 17 அங்குலத் துண்டுகள் இரண்டு பக்கம் பக்கமாக அமைந்து, 2 அங்குல நாடா ஒன்று மிஞ்சும். இரண்டு துண்டுகளுக்கும் ஆகும் துணி நீளம் 18 அங்குலம். காதுகள் இரண்டும் குறுக்கே ஒரே வரிசையில் அமைவதால் அவற்றுக்கு 4 அங்குலம். ஆக ஒரு பைக்கு 22 அங்குலம்.

மாதிரியின்றிக் கண்ணளவில் வெட்டும் ஒருவர் துண்டை 18½ அங்குலமாக வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 37 அங்குலமாவதால் அவை ஒரே அகலத்தில் அடங்கா. இரண்டாவது துண்டுக்கு மீண்டும் 18 அங்குல நீளம் வெட்ட நேர்கிறது. அப்போது ஒரு பைக்கு ஆகும் துணி 40 அங்குலம். மீட்டர் நூறு ரூபாய் என்று கணக்கிட்டால், மாதிரி வைத்து வெட்டிய பைக்குத் துணிச்செலவு சுமார் 56 ரூபாய். மற்றதற்குச் சுமார் 102 ரூபாய். நூறு பைகளில் வித்தியாசம் 4,600 ரூபாய். துண்டொன்றுக்கு 18 அங்குலம்வரை இடமிருக்க, அதற்குமேல் போன அரை அங்குலமே இவ்வளவையும் விழுங்கிவிட்டது. இத்தொகை வேறெங்கிருந்தும் வருவதில்லை. தைப்பவர் கூலியிலிருந்தோ சங்கத்தின் லாபத்திலிருந்தோதான் கழிகிறது.

தைக்கும் முறை

பட்டையின் இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் 1 அங்குல அகலமுள்ள காது கிடைக்கும். அதன் இரு விளிம்புகளிலும் தைக்க வேண்டும். பிறகு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உட்புறமாக இருக்கும்படி சேர்த்து, இருபக்கங்களையும் அடியையும் அரை அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். மூலையில் வெட்டிய இடத்தை விரித்து, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து நேராகத் தைத்தால், 4 அங்குல அடி தானே அமையும். மிஞ்சிய 2 அங்குல நாடாவை அடித்தையலின் பிசிறின்மேல் சுற்றித் தைத்துவிடலாம். பக்கங்களின் பிசிறுக்கு ஓவர்லாக் தையல் போதும்.

வாயை முதலில் அரை அங்குலமும் பின்னர் ஓர் அங்குலமுமாக மடிக்க வேண்டும். நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை அங்குலம் தள்ளிக் காதின் முனைகளை மடிப்பினுள் செருக வேண்டும். கைப்பை முதலில் அறுவது இவ்விடத்திலேயே. மூலைகளில் வெட்டி எடுத்த சதுரங்கள் ஒரு பைக்கு நான்கு. காதுகளின் முனைகளும் நான்கு. சதுரத்தை இரண்டாக மடித்து ஒவ்வொரு முனையின் அடியிலும் வைத்து, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்கே இருமுறை தைத்துவிட்டால் காது எளிதில் அறாது. நடுத்தரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், ஜமக்காளம் போன்ற தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசியும் ஏற்றவை.

சங்கம் செய்ய வேண்டியது

தையலை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வெட்டுதலை மட்டும் சங்கத்தின் இடத்திலேயே பழகிய இருவர் செய்வது நலம். மூல மாதிரி சங்கப் பெட்டியில் இருக்கட்டும். பிரதி வேண்டுமானால் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் கோட்டின் கனம் கூடி, அளவு வளர்ந்துகொண்டே போகும். அட்டையின் ஓரம் தேய்ந்தால் உடனே மாற்றுக. ஒரு பைக்குரிய துண்டுகளை ஒரே கட்டாகக் கட்டி எண்ணிக் கொடுத்து, தைத்து வந்ததை அளந்து வாங்கிக் கணக்கில் எழுதுக.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. அனைவரும் ஒரே அளவுள்ள பையைத் தைக்கும்போது, ஒரு பைக்கு இவ்வளவு கூலி என்று யாவரும் ஒப்பும்படி நிர்ணயிக்கலாம். ஒருத்திக்குச் சிறிய பையும் மற்றொருத்திக்குப் பெரிய பையும் வாய்த்து, இருவருக்கும் ஒரே கூலி என்றால், மனத்தாங்கல் உண்டாகிச் சங்கத்தில் பிளவு நேரும். விலை கூறும்போது துணி, நூல், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றோடு தைத்தவரின் கூலியையும் முழுமையாகச் சேர்க்க வேண்டும். கூலியைக் குறைத்து மலிவாக விற்பது விற்பனையாகத் தோன்றினாலும், அது நம் வீட்டுப் பெண்களின் உழைப்பை இனாமாகக் கொடுப்பதேயாகும்.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரியை வெட்டி, பத்துப் பைகள் தைத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்தின் ஓரங்களும் ஒத்திருந்தால் தைரியமாகச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வாதிருந்தால், துணிக்கு மேலும் பணம் போடுமுன் மாதிரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.