அநாதைப் பிள்ளையும் விடுமுறைத் தொண்டரும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற விடுமுறையில் எங்களுள் நால்வர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குச் சென்று, அங்கே கரையோர ஊரொன்றில் உள்ள சிறுவர் இல்லத்தில் ஆறு வாரங்கள் தொண்டு செய்து திரும்பினோம். கண்டதையும் கேட்டதையும் இச்சபையில் எடுத்துரைக்குமாறு செயற்குழுவினர் பணித்தனர். இத்தகைய தொண்டர் குழுவை ஆண்டுதோறும் மன்றச் செலவில் அனுப்பலாமா என்பது பற்றியும் எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டுள்ளனர். பிரயாணக் கதை கேட்க வந்தவர்கள் ஏமாற்றமடையக் கூடும். பணத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எங்கள் மனத்தில் உள்ளதை ஒளிக்காமற் சொல்வதே முறை.

நாங்கள் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மெய்யான பக்தி என்று பாடசாலையிலே கேட்டோம். திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்று வீட்டிலே அம்மம்மா சொல்லக் கேட்டோம். ஆகவே அநாதைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப் போகிறோம் என்றதும் எங்கள் நெஞ்சு நிமிர்ந்தது. ஊராரும் வாழ்த்தி வழியனுப்பினர். இத்தொண்டு நல்லது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனால் அங்கே சென்ற பின்பு எங்கள் உள்ளத்திலே இரண்டு கேள்விகள் எழுந்தன. அவற்றையே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது கேள்வி, அநாதை என்பவர் யார் என்பது.

இதனை நம் கரையில் உள்ளோர் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி, பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை காலையிலே கடல் பொங்கி வந்தது. எங்களிற் சிலர் அன்று பிறந்திருக்கவுமில்லை; மற்றையோர் தொட்டிற் பிள்ளைகள். இலங்கையில் எந்த மாவட்டத்திலும் பார்க்க அம்பாறை மாவட்டத்திலேயே அதிகமானோர் மாண்டனர். தொகை பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை நெடுகிலும் ஓலம் கேட்டது. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று அலை பார்க்கவில்லை.

அந்நாளிலே கல்முனையிற் சேற்றினுள்ளே பால்மணம் மாறாத ஆண் குழந்தையொன்று கண்டெடுக்கப்பட்டு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று அங்கு அனுமதிக்கப்பட்டோருள் எண்பத்தோராவது என்பதால் "81ஆம் இலக்கக் குழந்தை" என்று உலகப் பத்திரிகைகள் அதனை அழைத்தன. ஒன்பது தம்பதியர் உரிமை கோரினர் என்று செய்தி பரவியது. நீதிமன்றத்தை முறைப்படி நாடியவர்களோ ஒரே தம்பதியர். நீதிமன்றக் கட்டளைப்படி மரபணுப் பரிசோதனை நடைபெற்று, அவர்களே பெற்றோர் என்று 2005 மாசி மாதத்திலே உறுதியாயிற்று. உலகம் முழுவதும் எவர் பிள்ளையோ என்று இரங்கிய அக்குழந்தைக்குத் தாயும் இருந்தாள், தந்தையும் இருந்தார். இரங்குவோர் அவசரப்படலாகாது என்பதற்கு நம் கல்முனையே சாட்சி.

நாங்கள் சென்ற இல்லத்தின் வாயிலிலும் ஊரார் வாயிலும் "அநாதை இல்லம்" என்ற பெயரே வழங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்து சில நாட்களிற் பாடசாலைக் கோடை விடுமுறை தொடங்கிற்று. அன்று காலை முதல் வாயிலிலே துணிப்பைகளுடன் பெண்கள் வந்து நின்றனர். அம்மா, பாட்டி, அத்தை, மூத்த அக்கா என்று ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டுப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் சென்றனர். மாலையில் இல்லத்தில் எஞ்சியவர்கள் ஒரு பந்திக்கும் போதாத சிலரே. பெரும்பாலான பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது மரணம் அன்று, வறுமை. தகப்பனின் குடி, தாயின் நோய், தொலைவூர் வேலை, ஊரிலே பாடசாலை இல்லாமை ஆகியனவே காரணங்கள்.

இது அவ்வூருக்கு மாத்திரம் உரிய நிலையன்று. கம்போடியா தேசத்திலே 2005 முதல் 2010 வரையான ஐந்தாண்டுகளிற் சிறுவர் இல்லங்களின் தொகை நான்கில் மூன்று பங்கினாற் பெருகிற்று. அவற்றில் இருந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் எடுத்துக்காட்டியது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டார் வந்தனர். வந்தவர்கள் பணம் கொடுத்தனர். பணம் வர வர இல்லங்கள் எழுந்தன. இல்லங்களை நிரப்ப ஏழைத் தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் அழைத்து வரப்பட்டனர். கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆயினும் அவர்கள் கொடுத்த பணம் தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் கூலியாயிற்று. இதனை எண்ணியே 2019ஆம் ஆண்டு மார்கழியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சிறுவர் இல்லங்களை நாடிச் செல்லும் சுற்றுலாவும் தன்னார்வத் தொண்டும் பிள்ளைகளுக்குத் தீங்காகலாம் என்பதைக் கவனத்திற் கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது.

நம் பக்கத்திலும் பாருங்கள். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார் எத்தனை பேர்! அவர்களின் பிள்ளைகள் அம்மம்மாவின் கையிலே வளர்கின்றனர். அந்த அம்மம்மாவின் அடுப்பு எரியாத நாளிலே அப்பிள்ளையும் ஓர் இல்லத்தின் வாயிலிலே நிற்கும். அப்பொழுது நாமும் அதனை அநாதை என்றே அழைப்போம்.

இரண்டாவது கேள்வி, பெற்றோரை இழந்த பிள்ளைக்கு வேண்டுவது யாது என்பது.

விடுமுறையிலும் இல்லத்தைவிட்டுப் போக இடமில்லாத பிள்ளைகளோடுதான் நாங்கள் அதிகம் பழகினோம். அவர்களுள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், நாங்கள் போன இரண்டாம் நாளே எங்கள் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணா, நீங்க எப்போ போவீங்க?" என்று கேட்டான். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. வருவோர் எல்லாரும் போவோரே என்பதை அவன் ஏழு வயதுக்குள் கற்றுக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னே எத்தனை அண்ணன்மார் வந்து, பந்து விளையாடி, தூக்கிக் கொஞ்சி, கடிதம் எழுதுவதாகச் சொல்லிப் போயினரோ!

இல்லத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் அம்மையார் முதல் நாளிலேயே எங்களிடம் ஒரு நியமம் சொன்னார். "தம்பிகளா, பிள்ளைகளோட விளையாடுங்க, வேண்டாம்னு சொல்லலே. ஆனா திரும்ப வருவேன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க போன பிறகு ராத்திரியில அழுற பிள்ளையைத் தேத்தறது நாங்கதான்" என்றார். பிறகு எங்களுக்கு வேலை கொடுத்தார். கணக்குப் புத்தகங்களைச் சீர்செய்தோம். உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதினோம். கிணற்றடியைத் திருத்திச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். பத்தாம் வகுப்பிலே தவறியவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தோம். எங்களால் அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சிற்று. அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் பிள்ளைகளோடு இருந்து கழித்தார். எங்கள் ஆறு வாரத்தின் உண்மையான பயன் அதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

அம்மையார் அநுபவத்தாற் கண்டதை அறிஞர் ஆராய்ச்சியாற் கண்டுள்ளனர். இரண்டாம் உலக யுத்தத்தில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆராய்ந்த ஜோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர், குழந்தைக்குத் தாயோடோ தாய்போல் நிலைத்திருப்பவர் ஒருவரோடோ இடையறாத அன்புத் தொடர்பு வேண்டும் என்று 1951இல் எழுதினார். 2000ஆம் ஆண்டிலே ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களிற் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். குடும்பத்திலே வளர்ந்த குழந்தைகள் அறிவிலும் அன்புப் பிணைப்பிலும் முன்னேறினர். சின்ன வயதிலே குடும்பத்தை அடைந்தோரின் முன்னேற்றம் மேலும் சிறந்திருந்தது. சோறும் துணியும் கட்டிலும் இருந்தும், நாளைக்கும் வருகின்ற அதே முகம் இல்லையேல் பிள்ளை வாடுகிறது.

பெரியோர்களே! இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. பாரி மாண்டபோது அவன் மகளிர் இருவரும் திக்கற்று நின்றனர். அவனுடைய நண்பராகிய கபிலர் அவர்களை ஒருநாள் பார்த்துக் கண்ணீர் விட்டுப் போய்விடவில்லை. அவர்களை உடனழைத்துக்கொண்டு மலையும் காடும் கடந்து, மன்னர் வாயிலெல்லாம் நின்று, மறுத்தோரின் சொல்லையும் தாங்கி, தக்காரிடம் ஒப்படைத்த பின்னரே தம் கடன் முடிந்தது என்று கருதினார்.

நம் கரையின் குடிவழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். மகளுக்கே வீட்டைக் கொடுத்து மணம் செய்துவைக்கும் வழக்கத்தினால், அக்கா வீடும் தங்கை வீடும் ஒரே வளவிலே அல்லது வேலிக்கு வேலியாக அமைகின்றன. இது அக்கரைப்பற்றிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. தாயை இழந்த பிள்ளைக்குப் பெரியம்மாவும் சின்னம்மாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்திலே இருக்கின்றனர். யதீம் பிள்ளையை ஆதரிப்பதை முஸ்லிம் சகோதரர்கள் மார்க்கக் கடமையாகவே கொண்டுள்ளனர். 2004இன் பின் அரசாங்கம் அப்பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்து, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தினால் வளர்ப்புப் பெற்றோரிடம் பதிவுசெய்து ஒப்படைக்க வழி செய்தது. அதற்குச் சட்டம் வருமுன்னரே பல வளவுகளிலே சின்னம்மாமார் தம் பிள்ளைகளோடு ஒரு பாய் அதிகமாக விரித்துவிட்டனர்.

உறவே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டியதுதான். காரைதீவிலே 1892இல் அவதரித்த சுவாமி விபுலாநந்தர் கல்வி நிலையங்களை நிறுவியதோடு, ஏழைப் பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் அரவணைத்தார். கல்லடி உப்போடையிலே 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம் இன்றும் நிற்கிறது. நாகபட்டினத்தின் கதையையும் சொல்ல வேண்டும். அம்மாவட்டத்திலே அலை ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 2005இல் அங்கே அன்னை சத்தியா அரசினர் குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. அப்பொழுது ஆட்சியராய் இருந்த ஜெ. இராதாகிருஷ்ணன் அவர்களும் அவர் துணைவியாரும் அப்பிள்ளைகளை அடிக்கடி சென்று பார்த்தனர். இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும் தொடர்பை விடவில்லை. அலையிலே கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தையொருத்தி வளர்ந்து 2022இல் மணக்கோலம் பூண்டபோது, மாநிலச் சுகாதாரச் செயலாளராய் இருந்த அவரே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார். பதினேழு ஆண்டுகள்! கபிலர் வழியிலே வந்த தொண்டு அது என்று சொன்னால் மிகையாகுமா?

"அப்படியாயின் குறுகிய காலத் தொண்டே வீணா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். வீண் என்று சொல்ல மாட்டோம். அலை வடிந்தபின் நம் கரைக்கு வந்த அந்நியர்கள் உப்புநீர் புகுந்த கிணறுகளை இறைத்தார்கள், காயத்துக்கு மருந்திட்டார்கள், வீடு கட்டினார்கள். அவர்கள் போன பின்னும் கிணறு நின்றது, வீடு நின்றது. வந்தவர் போனாலும் நிற்கக் கூடிய வேலையைச் சில வாரத் தொண்டர் செய்யட்டும். பிள்ளையின் நெஞ்சிலே இடம் கேட்பவர் மாத்திரம் பல ஆண்டு தங்க வருதல் வேண்டும். கடல் கடந்த பிரயாணத்தினால் எங்கள் கண் திறந்தது உண்மைதான். ஆயினும் எங்கள் படிப்புக்கு அச்சிறுவனின் கண்ணீர் பாடப்புத்தகம் ஆகலாமா?

ஆதலின் செயற்குழுவுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கிறோம்.

முதலாவது, ஆண்டுதோறும் நால்வரின் பிரயாணத்துக்குச் செலவாகும் பணத்தை, நம் பகுதியில் உறவினரால் வளர்க்கப்படும் பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்குக. எந்த வீட்டுக்கு உதவி தேவை என்பதை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு உத்தியோகத்தரிடமும் கிராம சேவையாளரிடமும் கேட்டறிக. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதம் இதில் வேண்டாம்.

இரண்டாவது, ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் படிக்கும் எங்களைப் போன்றோர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை வாரந்தோறும் பாடம் சொல்லிக் கொடுப்போம். ஒருவருக்குப் பரீட்சை வந்தால் மற்றவர் போவார். பாடம் வீட்டாரின் கண் முன்னே, திண்ணையிலே நடக்கட்டும். நாங்கள் சென்றுவந்த நால்வரும் இதற்கு இன்றே பெயர் கொடுக்கிறோம்.

மூன்றாவது, எவரேனும் வெளிநாட்டு இல்லத்துக்குச் செல்ல விரும்பினால், அது அரசாங்கத்திற் பதிவுபெற்றதா என்று விசாரித்தே செல்க. தம்மைப் பற்றிய பொலிஸ் நற்சான்றையும் கொண்டு செல்க. அங்குள்ள பராமரிப்பாளரின் சுமையைக் குறைக்கும் வேலையையே கேட்டு வாங்குக. பிள்ளைகளின் படத்தை எவருக்கும் காட்டற்க. பராமரிப்பிலுள்ள பிள்ளையின் படத்தையும் பெயரையும் வெளியிடுதல் இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். நாங்கள் படம் ஒன்றேனும் கொண்டுவராமைக்கும், இல்லத்தின் பெயரை இங்கே கூறாமைக்கும் காரணம் அதுவே.

எங்கள் கருத்தோடு மாறுபடும் பெரியோர்கள் இங்கே இருக்கலாம். அவர்கள் எழுந்து கேட்பதை வரவேற்கிறோம். ஆனால் முடிவெடுக்குமுன் ஒன்றை மாத்திரம் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இந்த மன்ற மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலே, தாயில்லாப் பிள்ளையை வளர்க்கும் சின்னம்மா ஒருத்தி இன்றிரவும் அடுப்பு மூட்டுகிறாள். அவளுக்கு விடுமுறை இல்லை. அவள் கை தளராதிருக்க நாம் என்ன செய்யப் போகிறோம்?